மூச்சுக் கொப்பு

சூசைரட்ணத்தின் கவ்வாத்துக் கத்தியை அந்த வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. ஒருதரம் அவர் பெண்சாதி பவுலின் அவசரத்துக்கு அதை எடுத்துப் பூசணிக்காய் அறுத்துவிட்டாள் என்று மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாளும் பேசியிருக்க மாட்டார். சீனிப் போத்தல் எங்கே இருக்கிறதென்று தெரியாததால் பேசினார்.

பாறைக்காட்டுத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் முப்பத்தொரு வருசம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கை அது. நாலைந்து வருசத்துக்கு ஒருமுறை, வளர்ந்து முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். மலை முழுக்கக் குச்சி குச்சியாக மொட்டையாக நிற்கும். அப்படி வெட்டும்போது ஒவ்வொரு செடியிலும் ஒரு கொப்பை மட்டும் இலையோடு விட்டுவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். செடி அந்தக் கொப்பால்தான் மூச்சு விடும், வேர் சாகாது என்பார்கள். புதுத் துளிர் விரல் நீளம் வந்த பிறகு அதையும் எடுத்துவிடுவார்கள். இடையில் வேலையை மேற்பார்க்க ஒரு புதுக் கண்டாக்கு வந்தார். இதெல்லாம் நேரக்கேடு, மொத்தமாக வெட்டுங்கள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் உத்தரவு போட்டார். எல்லோரும் மொத்தமாக வெட்டினார்கள். சூசைரட்ணம் மட்டும் கண்டாக்கின் கண் போகாத இடமாகப் பார்த்து, உள்பக்கம் திரும்பிய ஒரு தாழ்ந்த கொப்பை விட்டுக்கொண்டே போனார். அந்த வருசம் மழை பிந்தியது. மற்றவர்கள் வெட்டிய நிரைகளில் பாதி காய்ந்துபோக, அவர் வெட்டிய நிரைகள் துளிர்த்தன. அதற்குப் பிறகு கவ்வாத்து விசயத்தில் அவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.

"வெட்டுறதுதான் நம்ம வேல. சாவடிக்கிறது நம்ம வேல இல்ல" என்பார், யாராவது கேட்டால். கேட்காவிட்டாலும் சொல்வார்.

இந்தப் பெருமைதான் பிறகு அவர் வீட்டுக்குள்ளேயே வினையாக வந்து உட்கார்ந்தது.

அவருக்கு ஒரே மகள் அனோஜா. விஞ்ஞானம் படித்து, டிப்ளோமாவும் முடித்து, தலவாக்கலைக்கு மேலே பழைய பங்களா ஒன்றை எடுத்து நடந்த ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பங்களாவுக்குப் பின்னால் கண்ணாடியால் நாலு அறை கட்டி, உள்ளே புகையிலைச் சாதிச் செடி வளர்த்தார்கள். தோட்டத்து லயத்தில் குடியிருந்த சனங்கள் அதற்குக் கண்ணாடிக் காம்பரா என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்த பேரோடு கேலியும் சேர்ந்தே வந்தது.

"பொயிலையில மருந்து எடுக்கிறாளாமே உன் மக. அப்போ நாங்கெல்லாம் இத்தன வருசமா மருந்தத்தான் மென்னு துப்புனமா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கேட்பார்கள்.

வீட்டில் சூசைரட்ணமும் அதையேதான் கேட்டார். அனோஜா ரொட்டியைப் பிய்த்துக் கட்டச் சம்பலில் தொட்டபடி பொறுமையாகச் சொன்னாள்.

"இது அந்தப் பொயில இல்லப்பா. அதுக்குத் தங்கச்சி மொற. வெறிநாய் கடிச்சா ரெண்டு மருந்து. ஒன்னு தடுப்பூசி, அது மெதுவாத்தான் வேல செய்யும். கடி ஆழமா இருந்தா, முகத்துல கிகத்துல இருந்தா, அதுவரைக்கும் தாங்காது. கிருமிய அந்தப் புண்ணுலயே மடக்கிப் புடிக்கிற எதிர்ப்புச் சத்து ஒன்ன உடனே ஊசியாப் போடணும். அத இப்ப குதிர ரத்தத்துல, மனுசர் ரத்தத்துல இருந்துதான் எடுக்கிறாங்க. வெளிநாட்டுல இருந்து வரணும்."

"அது எப்புடி செடிக்குள்ள வரும்?"

"அத எப்புடிச் செய்யிறதுங்கிற வெவரத்தச் செடிக்குள்ள வெச்சிருக்காங்கப்பா. செடி தன்னோட எலயச் செய்யிறப்ப கூடவே அதையும் செஞ்சு எலையில வெச்சிக்கும். நாங்க எலய அரைச்சு அத மட்டும் பிரிச்செடுப்போம்."

"அப்போ எலய அரைச்சுக் குடிச்சா?"

"குடிச்சா வாந்திதான் வரும். யாருக்கும் அப்புடிச் சொல்லிக் கில்லி வெக்காதீங்க!"

பவுலின் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் யாரும் பேரைச் சொல்லவில்லை என்றாலும் மூன்று பேரும் ராசம்மாவைத்தான் நினைத்தார்கள். பிள்ளை மடுவத்து ராசம்மா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போன நேரமெல்லாம் அந்த லயத்துப் பிள்ளைகளைத் தொட்டிலாட்டி வளர்த்தவள். அனோஜாவையும் அவள்தான் வளர்த்தாள். மூன்று வருசத்துக்கு முன் மடுவத்து வாசலில் ஒரு நாய் அவள் கன்னத்தைக் கவ்வியது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனாள். தடுப்பூசி போட்டார்கள். மற்ற மருந்து கீழே நகரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. வழியில் மண்சரிவு. மருந்து வந்து சேர ஒன்பது நாளானது. அவள் கடைசியில் தண்ணீர்க் கோப்பையைக் கண்டு அலறியதை அனோஜா கண்ணால் பார்த்தாள். அந்தக் கண்ணாடிக் காம்பராவுக்கு அவள் சம்பளத்துக்காக மட்டும் போகவில்லை.

போன வருசம் சூசைரட்ணத்துக்கு அறுபது முடிந்து தோட்டத்து வேலை நின்றது. வீட்டில் உட்கார்ந்து பவுலினின் சமையலுக்குக் குறை சொல்லத் தொடங்கியதும், பவுலினே மகளிடம் கெஞ்சி அவருக்குக் கம்பனியில் வெளிவேலை எடுத்துக் கொடுத்தாள். புல் வெட்டுவது, சட்டி கழுவுவது, மண் சலிப்பது. காலையில் பனிக்குள் மகள் முன்னால் நடக்க, அவர் அவளுடைய சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பார். அந்த ஒன்பது மாதமும் அவரைப்போல் சந்தோசமான மனிதர் அந்த ரோட்டில் இல்லை.

உள்ளே போவதற்குத்தான் சட்டம் அதிகம். குளித்து, வேறு உடுப்புப் போட்டு, தலைக்கு உறை கட்டி, இரண்டு கதவு தாண்ட வேண்டும். வரும்போதும் குளியல். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், செடி பூக்கக்கூடாது. மொட்டு கண்ணில் பட்டால் கிள்ள வேண்டும். விதை தூசு மாதிரி இருக்கும், காற்றோடு போனால் பிடிக்க முடியாது; உள்ளே குணம் மாற்றி வளர்த்த செடி வெளியே முளைக்கக்கூடாது என்பதுதான் அரசாங்கம் அனுமதி கொடுத்த நிபந்தனை.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. உள்வேலை பார்க்கும் நிரோஷனுக்குக் காய்ச்சல். பொறுப்பான டொக்டர் தில்ருக்ஷி கொழும்புக்குப் போயிருந்தார். கடைசி அறையில் இலை எடுத்து முடிந்த முப்பத்தாறு செடிகளை அன்றைக்கு வெட்டியே ஆக வேண்டும். வேரையும் மண்ணையும் வேகவைக்கும் ஆவிப்பெட்டி பழுதாகிக் கிடந்தது, சாமான் வர நாளாகும். அதுவரைக்கும் செடியையாவது வெட்டிப் போட்டால்தான் மொட்டு வராது.

அனோஜா சட்டி கழுவிக்கொண்டிருந்த தகப்பனிடம் வந்தாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாளைக்கு உள்ள வர முடியுமா? உங்களுக்கு அனுமதி இல்லதான். ஆனா வேற ஆளில்ல."

"என்னா செய்யணும்?"

"முப்பத்தாறு சட்டி. தண்ட மண்ணோட மண்ணா வெட்டிப் பையில கட்டணும். சட்டிய அப்புடியே தட்டுல அடுக்கிட்டு வந்திருங்க. பெட்டி சரியானதும் வேர வேகவெச்சிருவோம்."

"மண்ணோட மண்ணாவா?"

"ஆமாப்பா. ஒன்னும் மிச்சம் வெக்கக்கூடாது."

"சரி சரி. எனக்கு நீ வெட்டக் கத்துத் தாறியாக்கும்" என்று சிரித்துக்கொண்டு எழுந்தார்.

அவருடைய கத்தியை வெளியிலேயே வைக்கச் சொன்னாள். உள்ளே இருந்த சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டார். கத்தி வெளியே நின்றதே தவிர, பழக்கம் அவரோடு உள்ளே போய்விட்டது. முதல் ஐந்தாறு சட்டி சொன்னபடிதான் வெட்டினார். மெத்தென்ற தண்டு, தேயிலையை வெட்டிய கைக்கு அது கீரை. பிறகு மனசு எங்கோ போனது. பெட்டி சரியாக எத்தனை நாளாகுமோ, அதுவரைக்கும் இலை இல்லாமல் இந்த வேர் என்ன பாடுபடும் என்று ஒரு நினைப்பு. ராசம்மாவுக்குக் கிடைக்காத மருந்தை வைத்திருந்த செடி என்று இன்னொரு நினைப்பு. கை சரித்து வெட்டியது. உள்பக்கம் திரும்பிய ஒரு தாழ்ந்த கொப்பு நின்றது. அடுத்ததிலும் நின்றது. தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று பிறகு எத்தனையோ தரம் அவரே தன்னைக் கேட்டுப் பார்த்தார். ஒரு நாளும் சரியான பதில் கிடைக்கவில்லை. ஆனால் சட்டிகளைத் தட்டில் அடுக்கும்போது கொப்பு இருந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். பழைய கண்டாக்குக்குப் பயந்து பழகிய பழக்கம் அது. அது மட்டும் நினைவிருந்தது.

சாயங்காலம் அனோஜா குளித்து உடுப்பு மாற்றி, ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு வந்தாள். திரும்ப உள்ளே போனால் திரும்பக் குளிக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். தட்டில் வெட்டுப்பட்ட தண்டுகள் வரிசையாகத் தெரிந்தன.

"முடிஞ்சுதாப்பா? எல்லாமா?"

"முடிஞ்சுது."

முப்பத்தாறு செடி அழிக்கப்பட்டது, வெட்டியது அனோஜா, பார்த்தது அனோஜா என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தகப்பன் வெட்டின வெட்டை எட்டிப் பார்த்தது போதும் என்று நினைத்தாள். அதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சூசைரட்ணத்தின் வெட்டைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு மழை பிடித்தது. சாதாரண மழையல்ல. காற்றும் சேர்ந்து அடித்ததில் இரண்டு இடத்தில் ரோடு உடைந்தது, கரண்ட் எட்டு நாள் இல்லை. ஆவிப்பெட்டிச் சாமான் வரவில்லை. கடைசி அறையின் கூரையில் ஒரு கண்ணாடி பெயர்ந்து விழுந்தது யாருக்கும் தெரியாது. பூட்டிய அறை, வெட்டிய செடி, யார் போய்ப் பார்ப்பது? அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் சட்டிகளுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது.

டிசம்பர் நடுவில் அனுமதி கொடுத்த இடத்திலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். கடைசி அறையைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பூ. சிலதில் காய் பிடித்து, பழுத்து, வெடித்தும் இருந்தது. மேலே கூரை திறந்து கிடந்தது. பங்களாவுக்குக் கீழே சரிவு முழுக்கச் சனங்களின் மரக்கறித் தோட்டம்.

விசாரணை நாளன்று அனோஜா உள்ளே போகுமுன் தகப்பனைச் சட்டி குவித்திருந்த மூலைக்குக் கூட்டிப் போனாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, நீங்க ஒன்னும் தெரியாதுன்னு இருங்க. நான்தான் வெட்டுனேன்னு புத்தகத்துல இருக்கு. அப்புடியே சொல்லிருவேன்."

"பாப்பா, நான்தானே..."

"உங்களுக்கு உள்ள போக அனுமதியே இல்ல. வெளங்குதா? பொலிஸ், கோர்ட்டுன்னு போயிட்டா இந்த வயசுல உங்களால அலைய முடியுமா? எனக்கு என்னா, திட்டுவாங்க. ஒரு மாசச் சம்பளத்த வெட்டுவாங்க. நான் சமாளிப்பேன்."

"ஒரே ஒரு கொப்புத்தான் பாப்பா விட்டேன்..."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்குத் தெரியும்ப்பா. பூவக் கண்ட ஒடனே தெரிஞ்சிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பங்களாவின் முன் அறையில் விசாரணை நடந்தது. பாதி திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே சூசைரட்ணம் உட்கார்ந்திருந்தார். சிங்களத்தில் பேசினார்கள், முப்பது வருசம் கடையிலும் அரசாங்கக் கச்சேரியிலும் பேசிய சிங்களம், அவருக்கு நன்றாகவே விளங்கியது. தனியாக எல்லாவற்றையும் வெட்டினாயா என்று கேட்டார்கள். ஆமென்றாள். முப்பத்தாறில் முப்பது செடியில் ஒரே மாதிரி ஒரு கொப்பு மிஞ்சியிருக்கிறதே, அதெப்படி என்று கேட்டார்கள். கவனக்குறைவு என்றாள். கவனக்குறைவு இப்படி வரிசையாக வருமா என்று ஒரு குரல் உயர்ந்தது. கவனக்குறைவுதான் என்று மறுபடியும் சொன்னாள்.

சூசைரட்ணம் எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். உள்ளே இருந்து மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மறுபடி எழுந்து போய் வாசலில் நின்றார். கதவடியில் நின்ற காவல்காரர் முத்துலிங்கம், "என்னாண்ணே, என்னா வேணும்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தண்ணி தாங்க" என்றார் சூசைரட்ணம்.

முத்துலிங்கம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அனோஜாவுக்கு வேலை போனது. அனுமதியும் ரத்தானது. இருக்கிற செடி, விதை எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். மருந்தை விலங்குகளுக்குப் போட்டுப் பார்க்கும் கட்டம் தை மாதம் தொடங்குவதாக இருந்தது, அதுவும் நின்றது. பொய்ப் பதிவு எழுதியவள் என்று பேர் வந்த பிறகு எந்த ஆய்வுகூடமும் அவளை எடுக்காது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு ஆள் கேட்டார்கள் என்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினாள். ஸ்டேசனில் சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக அவர்தான் கொடுத்தார்.

தை மாதக் கடைசியில் டொக்டர் தில்ருக்ஷி ஆள் அனுப்பினார். நிரோஷன் வேறு வேலைக்குப் போய்விட்டான், இருக்கிற முந்நூறு செடியையும் வெட்டிப் பிடுங்கக் கை வேண்டும், சூசைரட்ணம் ஐயா வருவாரா?

பவுலின் அடுப்படியிலிருந்தே கத்தினாள். "போகாதீங்க! புள்ளயத் தொரத்தி விட்ட எடத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவீங்க?"

"அவ வளத்த செடி. யாரோ வந்து கண்டபடி வெட்டிப் போடுறதுக்கு நானே செய்யிறேன்."

"நீங்க வெட்டுன சீருதான் இந்த வீட்டுக்கே தெரியுமே."

அவர் தன் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

இந்தத் தடவை முறைப்படி பயிற்சி கொடுத்து, தாளில் கையெழுத்து வாங்கி உள்ளே விட்டார்கள். டொக்டரும் பார்வையிட வந்த அதிகாரி ஒருவரும் ஒவ்வொரு சட்டியாக எண்ணினார்கள். முதல் ஐம்பது சட்டியையும் சூசைரட்ணம் கண்ணைக் கொட்டாமல் வெட்டினார். தண்டை மண்ணோடு அறுத்து, வேரைப் பிடுங்கி உதறிப் பையில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் தனக்குள் ஒன்னும் வெக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டார். பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகு வேலை கைப்பழக்கத்துக்கு வந்துவிட்டது. வேரைப் பிறகு பிடுங்கலாம், முதலில் வெட்டிக்கொண்டே போவோம் என்று கை தானாக முறையை மாற்றிக்கொண்டது. மனசு கொழும்புக்குப் போனது. பகல் முழுக்க நின்றுகொண்டே வேலையாம். கால் வீங்குகிறதாம். மதியம் சாப்பிட இருபது நிமிசம்தானாம்.

"ஐயா, நில்லுங்க" என்றார் டொக்டர்.

அதிகாரி வெளியே போன் பேசப் போயிருந்தார். டொக்டர், சூசைரட்ணம் வெட்டிய கடைசி நாலு சட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சூசைரட்ணமும் பார்த்தார். நாலிலும் உள்பக்கம் திரும்பிய ஒரு தாழ்ந்த கொப்பு நின்றது. வெட்டு சரிவாக, சுத்தமாக இருந்தது. நாலு சட்டியும் கொப்பு சுவரைப் பார்க்கத் திரும்பியிருந்தன.

டொக்டர் கையிலிருந்த கோப்பைத் திறந்து டிசம்பரில் எடுத்த படங்களைப் புரட்டினார். ஒரு படத்தைச் சட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அன்னிக்கி... நீங்கதானா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க மிஸ். எம் மக இல்ல. நான்தான். தேயிலைக்கு விடுற மாதிரி... மூச்சுக்கு ஒன்னு விட்டேன்" என்றார். தமிழில் பாதி, சிங்களத்தில் பாதியாகக் கவ்வாத்தைப் பற்றிச் சொன்னார். நிரோஷனுக்குக் காய்ச்சல் வந்ததைச் சொன்னார். கண்டாக்கைப் பற்றிச் சொன்னார். வாசலில் தண்ணி கேட்டதையும் சொன்னார்.

டொக்டர் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்துவிட்டார். வாய் உறையைக் கழற்றினார். மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். பூத்தது பெரிய தவறுதான், ஆனால் பூத்ததற்காக மட்டும் இதை மூடவில்லை. பயிற்சி இல்லாத ஆளை உள்ளே விட்டோம், அவர் பழக்கத்தில் இப்படிச் செய்துவிட்டார் என்று தெரிந்திருந்தால் அது எங்கள் நிர்வாகத்தின் பிழை. ஆறு மாதம் நிறுத்தி வைப்பார்கள், திருத்திக்கொண்டு திரும்பத் தொடங்கியிருக்கலாம். பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு அனோஜாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். ஆனால் நானே வெட்டினேன் என்றாள், எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வேண்டுமென்று விதை எடுக்க விட்டாள் என்று நினைத்தார்கள். இங்கே எழுதுகிற எதையும் நம்ப முடியாது என்று முடிவு கட்டினார்கள்.

"அந்தப் பொய்க்குத்தான் மூடுனாங்க" என்று கடைசியில் தமிழில் சொன்னார்.

சூசைரட்ணம் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இப்ப சொன்னா, மிஸ்? நான் வந்து சொல்றேன். எங்க வேணும்னாலும் வாறேன். எழுதித் தாறேன்."

"எழுதுவோம் ஐயா. அவளோட பேருக்காக எழுதத்தான் வேணும்" என்றார் டொக்டர். பிறகு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, விதை முழுவதையும் நேற்றே வேகவைத்துவிட்டோம் என்றார். ஏழு வருச வேலை. அந்த விதை வேறு எங்கும் இல்லை.

கண்ணாடிக்கு வெளியே பனி இறங்கியது. அதிகாரி போன் பேசி முடித்துத் திரும்பி வரும் காலடி கேட்டது. சூசைரட்ணம் குனிந்து, விட்ட நாலு கொப்பையும் ஒவ்வொன்றாக வெட்டினார். வேர்களைப் பிடுங்கினார். மிச்சம் எல்லாவற்றையும் வெட்டி முடிக்கச் சாயங்காலம் நாலரை ஆனது. ஒன்றிலும் ஒன்றும் மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்து காலைக்கூடக் கழுவாமல் அடுப்படியில் பவுலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பவுலின் மா பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்போ அன்னிக்கி அந்த வாசல்ல நின்னு நீங்க வாயத் தொறந்திருந்தா..."

"ம்."

"புள்ள இங்க இருந்திருப்பா."

"ம்."

"பாவி மனுசா, தண்ணியா கேட்டீங்க!" என்று சொல்லி அவள் அழுதாள். அவரும் அழுதார். முப்பது செடிக்கு இரக்கப்பட்டவர் பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை பேசாமல் போனாரே என்று அவருக்கே தாங்கவில்லை. வேறு எதை அழுதாலும் ஆறும், இது ஆறாது என்று அவருக்குத் தெரிந்தது.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. அனோஜாதான். பவுலின் மூக்கைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைக் கல்லில் போட்டாள். அவர் போனை எடுத்தார்.

"சாப்டீங்களாப்பா?"

"இனித்தான் பாப்பா. நீ?"

"ஆச்சு. இன்னிக்குத்தானே வெட்டுனாங்க? முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. நான்தான் வெட்டுனேன். எல்லாத்தையும் வேரோட எடுத்தாச்சு." கொஞ்சம் நின்று, "மிஸ்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன் பாப்பா. நான்தான்னு" என்றார்.

மறுபக்கம் பஸ் சத்தத்துக்கு மேலே அவள் குரல் உயர்ந்தது.

"ஏம்ப்பா சொன்னீங்க? உங்களுக்கு ஒன்னும் ஆகாதே?"

"ஒன்னும் ஆகாது. உன் பேருக்காக எழுதுறேன்னு சொன்னாங்க."

"வேற என்னா சொன்னாங்க?"

பவுலின் கல்லிலிருந்து கையை எடுத்து அவரையே பார்த்தாள்.

"வேற ஒன்னும் சொல்லல."

"நான் அன்னிக்கி உங்களக் காட்டிக் குடுக்காம இருந்தது நல்லதுதானேப்பா? இங்க கால் வலிக்கிறப்பல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன். அப்பாவையாச்சும் காப்பாத்திட்டமேன்னு."

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நல்லதுதாம்மா. நல்ல வேலதான் செஞ்ச" என்றார்.

போனை வைத்தார். ரொட்டி ஒரு பக்கம் கருகியிருந்தது. பவுலின் அதைத் திருப்பிப் போட்டாள்.

"புள்ள நெனப்புல இதையும் வெட்டாம விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அவ மூச்சு விடட்டும்" என்றார் சூசைரட்ணம்.